மூளை அலை ஆய்வுக்கான ஒலிகள்: கோப்பு தயாரிப்பிலிருந்து கேலிபிரேஷன் வரை

காதில் ஓர் ஒலி விழுந்து 100 மில்லிசெகண்ட் ஆகும்போது, தலையின் நடுப்பகுதியில் வைத்த எலெக்ட்ரோடில் சில மைக்ரோவோல்ட் அளவுக்கு எதிர்மின் அலை ஒன்று பதிவாகும். என்1 என்பது அதன் பெயர். ஒரே மாதிரி ஒலிகள் வரிசையாக வந்துகொண்டிருக்கும்போது இடையில் வேறொன்று நுழைந்தால், 150 முதல் 250 மில்லிசெகண்டுக்குள் இன்னோர் எதிர்மின் அலை வரும். ஃபின்லாந்து ஆய்வாளர் ரிஸ்டோ நாட்டானெனும் கூட்டாளிகளும் 1978இல் விவரித்த எம்எம்என் (மிஸ்மேட்ச் நெகட்டிவிட்டி) அது. கேட்பவர் கவனிக்காமல் படம் பார்த்துக்கொண்டிருந்தாலும் வரும் என்பதால் குழந்தைகளிடமும் நோயாளிகளிடமும் அதிகம் பயன்படுகிறது.

இந்த அலைகள் ஒலியின் அளவு, அது எழும் வேகம், அது தொடங்கும் நொடி ஆகிய மூன்றுக்கும் உடனே ஆடிவிடும். எனவே ஆய்வாளர் கணக்கில் எடுக்க வேண்டியது கணினியில் இருக்கும் கோப்பை விட, செவிப்பறைக்குப் போய்ச் சேரும் ஒலியை. நடுவில் சவுண்ட் கார்டு, விண்டோஸ், ஆம்ப்ளிஃபயர், இயர்போன், குழாய், காதுக்குள் வைக்கும் ஃபோம் என்று ஆறு இடம் இருக்கிறது. ஒவ்வொன்றும் எதையாவது மாற்றும். இங்கே விளக்கத்துக்கு எடுத்துக்கொள்வது ஒரு சாதாரண எம்எம்என் ஆய்வு: 1000 ஹெர்ட்ஸ் டோன் வழக்கமான ஒலி, 1100 ஹெர்ட்ஸ் மாறுபட்ட ஒலி. பேச்சொலிக்கு 'வலி, வளி, வழி' என்ற மூன்று சொற்கள். கருவி, காதுக்குள் வைக்கும் இன்சர்ட் இயர்போன்.

முதலில் காகிதத்தில்

கோப்பு தயாரிக்க உட்காரும் முன் சில எண்களை முடிவு செய்துகொள்ளுங்கள். டோன் நீளம் 100 மில்லிசெகண்ட், ஏற்றமும் இறக்கமும் 10 மில்லிசெகண்ட் வீதம், காதில் 70 டெசிபல் எஸ்பிஎல் (காற்றில் ஒலியின் அழுத்த அளவு), மாறுபட்ட ஒலி 15 சதவீதம். 1000 ஒலிகள் ஓட்டினால் 150 மாறுபட்ட ஒலிகள் கிடைக்கும். கண் சிமிட்டலில் சில கழிந்தாலும் சராசரி எடுக்கப் போதும். இரண்டு மாறுபட்ட ஒலிகளுக்கு நடுவே குறைந்தது இரண்டு வழக்கமான ஒலிகளாவது வரட்டும். தொடக்கத்தில் பத்துப் பதினைந்து வழக்கமான ஒலிகளை ஓட்டிவிட்டு அவற்றைக் கணக்கில் விட்டுவிடுங்கள்.

ஓர் ஒலியின் தொடக்கத்திலிருந்து அடுத்ததின் தொடக்கம் வரையிலான இடைவெளியில்தான் பலர் சறுக்குகிறார்கள். 500 மில்லிசெகண்ட் பார்க்க அழகான எண். ஆனால் நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஒரு சுற்றுக்கு 20 மில்லிசெகண்ட். 500இல் சரியாக 25 சுற்று அடங்கும். அப்படியானால் ஒவ்வொரு ஒலியும் மின்சார இரைச்சலின் ஒரே கட்டத்தில் தொடங்கும். எத்தனை ஒலிகளைச் சராசரி எடுத்தாலும் அந்த இரைச்சல் குறையாது. 511 மில்லிசெகண்ட் வைத்தால் அடுத்தடுத்த ஒலிகள் ஏறக்குறைய எதிரெதிர்க் கட்டங்களில் விழுந்து இரைச்சல் தானே அடிபடும். 490க்கும் 530க்கும் நடுவே மாற்றி மாற்றி வைத்தாலும் சரி. ஒலி வந்த சில மில்லிசெகண்டுகளிலேயே எழும் மூளைத்தண்டு அலைகளைப் பதிவு செய்பவர்கள் நொடிக்கு 11.1, 21.1 என்று உடைந்த எண்களை வைப்பதும் இதற்காகத்தான்.

டோன் செய்வது

மாதிரி வேகம் (ஒலியலையை நொடிக்கு எத்தனை முறை அளந்து எழுதுவது என்பது) 48,000 ஹெர்ட்ஸ், 24 பிட், வேவ் கோப்பு. 100 மில்லிசெகண்டுக்கு 4,800 மாதிரிகள்; 10 மில்லிசெகண்ட் ஏற்றத்துக்கு 480. சைன் அலையை மேட்லேபிலோ பைத்தானிலோ உருவாக்கி, முதல் 480 மாதிரிகளைக் கோசைன் ஏற்றத்தால் பெருக்குங்கள். மாதிரியின் வரிசை எண்ணை 480ஆல் வகுத்து, பையால் (π) பெருக்கி, அதன் கோசைனை 1இலிருந்து கழித்துப் பாதியாக்கினால் அந்த மாதிரிக்கான பெருக்கு எண் கிடைக்கும். கடைசி 480க்கு இதையே தலைகீழாக வைக்க வேண்டும்.

ஏற்றம் இல்லாமல் டோனைத் திடீரென்று தொடங்கினால் 'டக்' என்ற சத்தம் எழும். 1000 ஹெர்ட்ஸ் மட்டும் கேட்க வேண்டிய இடத்தில் அகன்ற அலைவரிசை முழுவதும் ஒரு கணம் தெறிக்கும். அப்போது 1000க்கும் 1100க்கும் உள்ள வேறுபாட்டை ஒலியின் தொடக்கத்தில் அந்தத் தெறிப்பு மூடிவிடுகிறது. மறுபக்கம், ஏற்றத்தை 50 மில்லிசெகண்டுக்கு இழுத்தால் என்1 சிறுத்துத் தாமதமாகும். 5 முதல் 10 வரை என்பது நடைமுறையில் நிலைபெற்ற நடுவழி.

கோப்பின் மாதிரிகளின் சராசரி சுழியமாக இருக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். இல்லையென்றால் அந்தச் சராசரியைக் கழித்துவிடுங்கள். விட்டால் தொடக்கத்திலும் முடிவிலும் சிறு தட்டல் கேட்கும். கழித்த பிறகே ஏற்றத்தைப் பெருக்க வேண்டும்.

எம்பி3 வேண்டவே வேண்டாம். சுருக்கும்போது கோப்பின் தலையில் ஆயிரம் மாதிரிகளுக்கு மேல் வெற்றிடம் சேரும். சில மென்பொருள் அதை நீக்கும், சில நீக்காது. நீக்காதபோது எல்லா அலைகளும் 20 மில்லிசெகண்டுக்கு மேல் தாமதமாகத் தெரியும். யாரோ தந்த எம்பி3யை வேவாக மாற்றிக்கொண்டாலும் உள்ளே இருக்கும் வெற்றிடம் போகாது.

நீளத்தில் மாறுபடும் ஒலிகளுக்கு ஒரு குறிப்பு. வழக்கமான ஒலி 100, மாறுபட்டது 50 மில்லிசெகண்ட் என்றால், 50ஆவது மில்லிசெகண்ட் வரை இரண்டும் ஒன்றே. மூளைக்கு வேறுபாடு தெரிவது அதற்குப் பிறகு. எம்எம்என் எத்தனை மில்லிசெகண்டில் வந்தது என்பதை அந்தப் புள்ளியிலிருந்து எண்ண வேண்டும்.

பேச்சொலி: வலி, வளி, வழி

டோனை ஒரு மணி நேரத்தில் செய்துவிடலாம். பேச்சொலிக்கு ஒரு வாரம் ஒதுக்குங்கள்.

பதிவு அறை எதிரொலி இல்லாததாக இருக்க வேண்டும். மைக்கை வாயிலிருந்து 15–20 சென்டிமீட்டர் தள்ளி, நேர் எதிரே வைக்காமல் சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். ப, வ போன்றவற்றின் காற்று மைக்கில் மோதாது. உச்சம் முழு அளவுக்கு (கோப்பில் எழுதக்கூடிய மிகப் பெரிய அளவு) 6 முதல் 12 டெசிபல் கீழே நிற்கட்டும். பேசுபவரிடம் சொற்களைப் பட்டியலாக நீட்டினால் ஒவ்வொன்றும் வேறு இழுப்பில் வரும். பட்டியலின் கடைசிச் சொல் எப்போதும் தாழ்ந்துதான் போகும். 'நான் இப்போது ___ என்று சொன்னேன்' போன்ற ஒரே வாக்கியத்துக்குள் வைத்து, வரிசையைக் கலைத்து, ஒவ்வொரு சொல்லையும் பத்து முறையாவது சொல்ல வைத்து, சுருதியும் நீளமும் ஒத்துப்போகிறவற்றைப் பொறுக்கி எடுங்கள். ஒரு சொல்லுக்கு ஒரே பதிவை மட்டும் வைத்தால், அந்தப் பதிவில் தற்செயலாக இருந்த சுருதி ஏற்றத்துக்கே மூளை எதிர்வினை காட்டக்கூடும். மூன்று முதல் ஐந்து பதிவுகள் இருந்தால், அவற்றுக்கெல்லாம் பொதுவாக இருக்கும் ல, ள, ழ வேறுபாடுதான் மிஞ்சும்.

யாரைப் பேச வைப்பது, யாரைக் கேட்க வைப்பது என்பதும் முக்கியம். ழவையும் ளவையும் ஒன்றாகவே ஒலிக்கும் தமிழர்கள் ஏராளம். அப்படிப் பேசுகிறவருக்கு 'வளி–வழி' எம்எம்என் சிறிதாக வந்தால் அது கருவியின் பிழை இல்லை. ஆகவே ஒவ்வொருவரிடமும் ஆய்வுக்குப் பிறகு, கேட்டது எந்தச் சொல் என்று பட்டன் அழுத்திச் சொல்ல வைக்கும் சிறு சோதனை ஒன்றை வையுங்கள். முன்னால் வைத்தால் எதைக் கவனிக்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

அடுத்து, வேறுபாடு எங்கே தொடங்குகிறது? மூன்று சொல்லிலும் 'வ' பொதுவானது. எனவே மெய்யொலி தொடங்கும் இடம்தான் பிரியும் புள்ளி என்று நினைக்கத் தோன்றும். நாக்கு அப்படிக் காத்திருப்பதில்லை. ள, ழ இரண்டுக்கும் நாக்கின் நுனி மேல்நோக்கி வளைய, முந்தைய அகரத்திலேயே மூன்றாவது ஃபார்மண்ட் (வாய்க்குழியின் ஒத்ததிர்வு அலைவரிசைகளில் மூன்றாவது) இறங்கத் தொடங்கிவிடும். பேச்சொலியைப் பகுக்கும் பிராட் மென்பொருளின் ஸ்பெக்ட்ரோகிராமில் (அலைவரிசைகள் நேரத்தோடு மாறுவதைக் காட்டும் படம்) மூன்று சொற்களையும் ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பார்த்தால், 'வழி'யில் அந்தக் கோடு அகரத்தின் பின்பாதியில் கீழே சாய்வது கண்ணுக்கே தெரியும்.

ஒரு பதிவின் 'வ'வை வெட்டி மூன்றுக்கும் ஒட்டிவிட்டால் சிக்கல் தீர்ந்தது என்று சிலர் செய்கிறார்கள். எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. நாமடி ஒலிகளை (நாக்கு மேலே வளைந்து பிறக்கும் ள, ழ போன்றவை) அடையாளம் காட்டும் தடயம் பெரும்பாலும் முந்தைய உயிரின் வாலில்தான் இருக்கிறது. அதை வெட்டி எறிந்தால் மிஞ்சுவது தமிழ்க் காதுக்கு ஒட்டாத ஒலி. பதிவை இயல்பாக விட்டுவிட்டு, பிரியும் புள்ளியை அளந்து வைத்துக்கொள்வதே மேல். அதற்கு இரண்டு வழி: ஸ்பெக்ட்ரோகிராமில் மூன்றாவது ஃபார்மண்ட் பிரியும் இடத்தைக் குறிப்பது ஒன்று, சொல்லை 20 மில்லிசெகண்ட் படிகளாகக் கூட்டிக்கொண்டே போய், கேட்பவர்கள் எந்தப் படியில் சரியாக ஊகிக்கிறார்கள் என்று பார்ப்பது இன்னொன்று. இரண்டையும் செய்துவிட்டால் நல்லது. டிரிகர் (ஒலி தொடங்கியதை மூளை அலைப் பதிவில் குறிக்கும் மின்குறி) சொல்லின் தொடக்கத்திலேயே இருக்கட்டும். பிரியும் புள்ளியைப் பகுப்பாய்வில் கூட்டிக்கொள்ளலாம்.

எவ்வளவு கவனமாகப் பொறுக்கினாலும் மூன்று சொற்களும் இயற்பியல் அளவில் வேறு வேறுதான். ஒரு பகுதியில் 'வலி' வழக்கமானதாகவும் 'வழி' மாறுபட்டதாகவும் ஓட்டுங்கள். அடுத்த பகுதியில் மாற்றி ஓட்டுங்கள். பிறகு, மாறுபட்டதாக வந்த 'வழி'யிலிருந்து வழக்கமானதாக வந்த 'வழி'யைக் கழியுங்கள். ஒரே கோப்பு இரண்டு வேடத்தில் வந்திருப்பதால் ஒலி வேறுபாடு அடிபட்டுப் போகும். டோன்களுக்கும் இதே முறைதான்.

கோப்புகளின் அளவைச் சமன் செய்தல்

சமன் செய்ய வேண்டியது ஆர்எம்எஸ் அளவை (மாதிரிகளின் வர்க்கச் சராசரியின் வர்க்கமூலம்; ஒலியின் சராசரி வலிமையைக் காட்டுவது), உச்சத்தை இல்லை. ஆடாசிட்டியில் 'நார்மலைஸ்' அழுத்தினால் உச்சம் மட்டும்தான் சமமாகும். ஒரு கூர்மையான மெய்யொலி இருந்தாலே அந்தச் சொல் மொத்தமும் தாழ்ந்துவிடும்.

முழு அளவுக்கு 26 டெசிபல் கீழே, அதாவது ஆர்எம்எஸ் 0.05, பேச்சுக்குப் பொருத்தமான இடம். பேச்சின் உச்சம் அதன் ஆர்எம்எஸை விட 12 முதல் 15 டெசிபல் மேலே போகும். இவ்வளவு இடம் விட்டால் எந்த உச்சமும் வெட்டுப்படாது. டோனையும் இதே 26இல் வைத்தால் பின்னால் கணக்கு எளிது.

ஆர்எம்எஸ் கணக்கிடும்போது முன்னும் பின்னும் உள்ள மௌனத்தைச் சேர்க்காதீர்கள். 400 மில்லிசெகண்ட் சொல்லோடு 400 மில்லிசெகண்ட் மௌனம் ஒட்டியிருந்தால் ஆர்எம்எஸ் 3 டெசிபல் குறைவாகக் காட்டும். சமன் செய்யும் நிரல் அதை நம்பி 3 டெசிபல் ஏற்றிவிடும். மனிதக் காது பிரித்தறியக்கூடிய அளவு வேறுபாடே சுமார் 1 டெசிபல்தான்; 3 டெசிபல் ஏற்றம் தனியாகவே எம்எம்என் எழுப்பப் போதும்.

கணினியை அடக்குதல்

விண்டோஸில் ஒலி மேம்பாடுகள் எல்லாவற்றையும் அணையுங்கள். 'லவுட்னெஸ் ஈக்வலைசேஷன்' என்ற ஒன்று மெல்லிய ஒலியைத் தூக்கி, பலத்த ஒலியை அமுக்கும். ஒலிமட்ட ஆய்வை முழுதாகக் கெடுக்க அது ஒன்றே போதும். அறிவிப்புச் சத்தங்களையும் நிறுத்துங்கள். சாதனத்தின் மாதிரி வேகத்தைக் கோப்போடு ஒத்த 48,000இல் வையுங்கள். வேகம் பொருந்தாமல் 48,000 கோப்பு 44,100இல் அப்படியே ஓடினால் 1000 ஹெர்ட்ஸ் டோன் 919 ஹெர்ட்ஸாகக் கேட்கும். 100 மில்லிசெகண்ட் 109 ஆகும். ஒலி வந்துகொண்டுதான் இருக்கும் என்பதால் யாருக்கும் சந்தேகம் வராது.

வால்யூம் விஷயத்தில்: விண்டோஸை 100இல் நிறுத்தி, குறைக்க வேண்டியதை ஆம்ப்ளிஃபயரிலோ அட்டெனுவேட்டரிலோ குறையுங்கள். மென்பொருளில் குறைத்தால் ஒலி மட்டும் இறங்கும். ஆம்ப்ளிஃபயரின் 'ஸ்ஸ்' இரைச்சல் அப்படியே நிற்கும். பிறகு எல்லாத் திருகுகளையும் டேப் ஒட்டி, கோடு போட்டுக் குறித்துவிடுங்கள். புளூடூத் ஹெட்ஃபோனுக்கு இங்கே இடமில்லை. அதன் தாமதம் பெரியது, நிலையாகவும் இருக்காது.

ஒலிமட்டத்தை அளத்தல்

தேவையானவை: வகை 1 சவுண்ட் லெவல் மீட்டர், 1000 ஹெர்ட்ஸில் 94 டெசிபல் தரும் கேலிபிரேட்டர், இயர்போனுக்குப் பொருத்தமான கப்ளர் (காதுக்குப் பதிலாக நின்று இயர்போனை மீட்டரின் மைக்கோடு இணைக்கும் சிறு குழி). இன்சர்ட் இயர்போனுக்குச் சர்வதேசத் தரமான ஐஇசி 60318-5 சொல்லும் 2 கன சென்டிமீட்டர் கப்ளர் அல்லது ஐஇசி 60318-4 செவி மாதிரி. காதின்மேல் அமரும் ஹெட்ஃபோனுக்கு ஐஇசி 60318-1 செயற்கைச் செவி. கப்ளர் மாறினால் எண்ணும் மாறும், ஆகவே எதில் அளந்தீர்கள் என்பதை எழுதிவையுங்கள். ஹெட்ஃபோனை மேசையில் கவிழ்த்து மீட்டரைப் பக்கத்தில் நீட்டி எடுத்த எண்ணுக்கு எந்தப் பொருளும் இல்லை. கைபேசிச் செயலிகளும் அதே வகை. கப்ளர் வாங்க வசதி இல்லாதவர்கள் அருகிலுள்ள செவித்திறன் துறையையோ என்ஏபிஎல் (ஆய்வகங்களுக்கான இந்திய அங்கீகார அமைப்பு) அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தையோ கேட்பது நல்லது.

1. கேலிபிரேட்டரை மீட்டரின் மைக்கில் மாட்டி 94.0 காட்டுகிறதா என்று பாருங்கள். மைக்கின் விட்டத்துக்கேற்ற அடாப்டர் சரியாக அமர்ந்ததா என்பதையும் பாருங்கள். அரை டெசிபலுக்கு மேல் விலகினால் காரணம் தெரியாமல் மேலே போக வேண்டாம்.

2. மீட்டரை இஸட் அல்லது சி எடையில் வையுங்கள் (எடை என்பது எந்த அலைவரிசையை எவ்வளவு குறைத்து எண்ணுவது என்ற அமைப்பு). ஏ எடை 1000 ஹெர்ட்ஸில் எதையும் மாற்றாது, ஆனால் 500இல் 3.2, 250இல் 8.6, 100இல் 19 டெசிபல் குறைத்துக் காட்டும்.

3. இயர்போன் குழாயைக் கப்ளரில் இறுக்கமாகப் பொருத்துங்கள். கசிவு இருக்கிறதா என்று அறிய 250 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றை ஓட்டி, இணைப்பை விரலால் அழுத்திப் பாருங்கள். அழுத்தும்போது எண் ஏறினால் கசிகிறது. கசிவு முதலில் தின்பது தாழ்ந்த அலைவரிசையைத்தான்.

4. இப்போது ஆய்வில் வரும் 100 மில்லிசெகண்ட் டோனை ஓட்டாதீர்கள். அதே வீச்சில் பத்து நொடி நீளும் டோனை ஓட்டுங்கள். மீட்டரின் 'ஃபாஸ்ட்' அமைப்புக்கு 125 மில்லிசெகண்ட் கால மாறிலி உண்டு. குறுகிய ஒலி முடிவதற்குள் முள் உச்சத்தைத் தொடாது. 200 மில்லிசெகண்ட் டோனை 1 டெசிபல் குறைவாகக் காட்டும்; 100 என்றால் 2.6, 50 என்றால் 4.8. முன்பு சொன்ன 100–50 நீள ஆய்வில் கோப்புகளை இப்படி நேரடியாக அளந்து 'சமன்' செய்தவர், குறுகிய ஒலியை 2 டெசிபலுக்கு மேல் ஏற்றிவைத்திருப்பார்.

5. மீட்டர் 83 காட்டுகிறது, வேண்டியது 70 என்று வைத்துக்கொள்வோம். 13 டெசிபல் குறைக்க வேண்டும். அட்டெனுவேட்டரில் குறைக்கலாம், கோப்பில் என்றால் 0.224ஆல் பெருக்குங்கள். மீண்டும் அளந்து 70 வருகிறதா என்று பார்த்த பிறகே எழுதுங்கள்.

6. 1100 ஹெர்ட்ஸையும் தனியாக அளங்கள். இதைத்தான் அதிகம் பேர் விட்டுவிடுகிறார்கள். இரண்டு கோப்புகளும் ஒரே ஆர்எம்எஸ் என்பதால் காதிலும் ஒரே அளவு இருக்கும் என்று எண்ணம். எந்த இயர்போனும் எல்லா அலைவரிசையையும் ஒன்றாக ஒலிக்காது. குழாய் உள்ளவற்றில் ஒத்ததிர்வு மேடு பள்ளங்கள் கூடுதல். 1000க்கும் 1100க்கும் 2 டெசிபல் வேறுபாடு இருந்தால், சுருதிக்கான எம்எம்என் என்று நீங்கள் எழுதுவதில் ஒரு பங்கு ஒலிமட்டத்துக்கானது. ஒவ்வொரு அலைவரிசையையும் அதனதன் திருத்த எண்ணால் பெருக்கி, வேறுபாட்டை அரை டெசிபலுக்குள் கொண்டுவாருங்கள்.

7. இடது, வலது இரண்டையும் தனித்தனியாக.

8. கோப்பின் அளவை 10 டெசிபல் படிகளாக இறக்கிக்கொண்டே போங்கள். மீட்டரும் 10, 10 ஆக இறங்க வேண்டும். மேல்பகுதியில் குறைவாக அசைந்தால் எங்கோ அமுக்கி ஒன்று வேலை செய்கிறது. கீழ்ப்பகுதியில் நின்றுவிட்டால் அது இரைச்சலின் தரை. அதற்கு அருகே ஒலிகளை வைக்க முடியாது.

9. கடைசியாகப் பாதுகாப்பு. மென்பொருளில் தவறுதலாக முழு அளவு ஒலி ஓடினால் கப்ளரில் எவ்வளவு வரும் என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள். 100 டெசிபலைத் தாண்டினால் ஆம்ப்ளிஃபயரைக் குறைத்து, கோப்பை உயர்த்தி, மொத்த வரம்பைச் சுருக்குங்கள். இந்த அளவீட்டை யாருடைய காதிலும் இயர்போன் இல்லாதபோது மட்டுமே செய்ய வேண்டும்.

பேச்சு ஏறி இறங்குவதால் மீட்டரில் நிலையான எண் கிடைக்காது. எல்லாச் சொற்களையும் இடைவெளியின்றி ஒட்டி, அவற்றின் நெடுநேர அலைவரிசைத் தோற்றத்துக்கு ஒத்த இரைச்சல் ஒன்றை உருவாக்கி, அதே ஆர்எம்எஸில் வைத்து அந்த இரைச்சலை அளப்பது நிலையான வழி. அல்லது ஒட்டிய கோப்பைச் சுற்றிச் சுற்றி ஓட்டி, மீட்டரில் 30 நொடி சராசரியான எல்இக்யூவை எடுக்கலாம்.

மூளைத்தண்டு ஆய்வின் 100 மைக்ரோசெகண்ட் கிளிக்குக்கு இவை எதுவும் செல்லாது. கப்ளர் மைக்கின் வெளியீட்டை ஆசிலோஸ்கோப்பில் கொடுத்து, கிளிக்கின் மேல் உச்சியிலிருந்து கீழ் உச்சி வரை எத்தனை கட்டம் என்று பாருங்கள். பிறகு 1000 ஹெர்ட்ஸ் டோனை அதே உயரத்துக்கு ஏற்றி, அந்த டோனை மீட்டரில் படியுங்கள். உச்சிச் சமான எஸ்பிஎல் என்று சொல்வது அந்த எண்ணைத்தான்.

நேரம்

டிரிகர் வந்த நொடிக்கும் ஒலி வந்த நொடிக்கும் உள்ள இடைவெளி நிலையாக இருந்தால் பகுப்பாய்வில் கழித்துக்கொள்ளலாம். ஒலிக்கு ஒலி அது ஆடினால் மீட்க வழியில்லை, அலை மழுங்கிவிடும். ஆட்டத்தின் திட்டவிலக்கம் 10 மில்லிசெகண்ட் என்றால் 10 ஹெர்ட்ஸ் கூறின் உயரம் 18 சதவீதம் குறையும். என்1 போன்றவை காயத்தோடு தப்பிக்கும். மூளைத்தண்டு அலையின் 500 ஹெர்ட்ஸ் கூறுக்கு வெறும் அரை மில்லிசெகண்ட் ஆட்டமே 70 சதவீதத்தைத் தின்றுவிடும். ஆகவே முன்னதற்கு 1 மில்லிசெகண்டுக்குள்ளும் பின்னதற்கு 0.1க்குள்ளும் அடக்குவதே குறிக்கோள்.

சோதனை செய்ய, ஏற்றம் இல்லாத ஒரு டோன் கோப்பைத் தயார் செய்யுங்கள். 10 மில்லிசெகண்ட் ஏற்றம் இருந்தால் பத்தில் ஒரு பங்கு உயரத்தை எட்டவே 2 மில்லிசெகண்ட் ஆகி, கணக்கைக் குழப்பும். ஒலி வெளியீட்டைப் பிரித்து, மூளை அலையைப் பதிவு செய்யும் இஇஜி கருவியின் துணை உள்ளீட்டில் கொடுங்கள். அந்த உள்ளீடு தாங்கும் மின்னழுத்தத்தை முதலில் கையேட்டில் பாருங்கள். உண்மையான ஆய்வின் நிரலையே, திரையில் ஓடும் படத்தோடு சேர்த்து, 200 ஒலிகளுக்காவது ஓட்டுங்கள். தனியாக எழுதிய குட்டிச் சோதனை நிரலில் எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கும்.

இடைவெளிகளை ஒலியின் வரிசை எண்ணுக்கு எதிராக வரைந்து பாருங்கள். ஒரே உயரத்தில் கோடு போல் கிடந்தால் நிம்மதி. 21 மில்லிசெகண்ட் அகலத்துக்குள் சிதறிக் கிடந்தால் ஒலியை 1,024 மாதிரிகள் கொண்ட கட்டுகளாக அனுப்பும் பஃபர் காரணமாக இருக்கலாம். 256க்கு இறக்கினால் 5 ஆகும். இத்தகைய ஆய்வுகளை ஓட்டும் மென்பொருளான சைக்டூல்பாக்ஸின் ஒலி இயந்திரத்தையோ, அதையே உள்ளே வைத்திருக்கும் சைக்கோபையின் பிடிபி அமைப்பையோ பயன்படுத்தி, ஒலியை முன்கூட்டியே நேரம் குறித்து வைத்தால் சிதறல் பெரும்பாலும் அடங்கும். புள்ளிகள் மெல்ல மெல்லச் சாய்ந்துகொண்டே போனால், வரிசை முழுவதையும் ஒரே நீண்ட கோப்பாக ஓட்டி, தொடக்கத்தில் ஒரே டிரிகர் வைத்திருப்பீர்கள். சவுண்ட் கார்டு, இஇஜி கருவி இரண்டின் கடிகாரத்துக்கும் பத்து லட்சத்தில் 50 பங்கு வேறுபாடு இருந்தாலே நிமிடத்துக்கு 3 மில்லிசெகண்ட் விலகும். பத்து நிமிடத்தில் 30. ஒலி தொடங்குவதைத் திரையின் ஃபிரேமோடு கட்டிவைத்திருந்தால் இன்னொரு விசித்திரம்: 60 ஹெர்ட்ஸ் திரையில் நீங்கள் கேட்ட 511 கிடைக்காமல் 516.7 கிடைக்கும்.

மென்பொருளோடு மல்லுக்கட்ட விரும்பாதவர்களுக்குப் பழைய வழி ஒன்று உண்டு. ஸ்டீரியோ கோப்பின் ஒரு பக்கத்தில் ஒலியும் மறுபக்கத்தில் டிரிகருக்கான குறியொலியும் வைத்துவிடுவது. இரண்டும் ஒரே கடிகாரத்தில் ஓடுவதால் விலக வழியில்லை. இரண்டு காதுக்கும் ஒலி வேண்டுமென்றால் ஒலிப் பக்கத்தை இரண்டு இயர்போனுக்கும் பிரித்துக் கொடுங்கள். சவுண்ட் கார்டு நேர்மின்னழுத்தத்தைக் கடத்தாது, 5 வோல்ட்டும் தராது; ஆகவே குறியொலி 5–10 மில்லிசெகண்ட் டோன் துணுக்காக இருக்கட்டும், அதைச் சதுரத் துடிப்பாக மாற்ற ஒரு சிறு பெட்டி நடுவில் தேவை.

இவ்வளவும் மின் இணைப்பில் அளந்தது. குழாய்வழி இயர்போனில் ஒலி காதை அடைய இன்னும் சுமார் 0.9 மில்லிசெகண்ட் ஆகும். ஒரு மீட்டர் தள்ளிய ஸ்பீக்கருக்கு 2.9. என்1க்கு இது பொருட்டில்லை. மூளைத்தண்டின் ஐந்தாம் அலையை 5.6 மில்லிசெகண்ட் என்று எழுதப்போகிறவர் இதைக் கழிக்காமல் விட்டால் முடிவே மாறிவிடும்.

மூளையா, வயரா?

இயர்போனின் டிரான்ஸ்டியூசரில் (மின்சாரத்தை ஒலியாக்கும் பகுதி) ஓடும் மின்னோட்டம் அருகிலுள்ள எலெக்ட்ரோடு வயரில் தன் சாயலைப் பதிக்கும். கண்டுபிடிக்க எளிய வழி: எல்லாவற்றையும் மாட்டிய நிலையில் குழாயைக் கிளிப்பால் நெரித்து ஒலியை அடைத்துவிட்டு, வழக்கம்போல் ஒரு பகுதியைப் பதிவு செய்யுங்கள். காதுக்கு ஒன்றும் போகவில்லை. ஆனாலும் சராசரியில் டோனின் வடிவம் தெரிந்தால் அது வயரிலிருந்து வந்தது. டிரான்ஸ்டியூசரை எலெக்ட்ரோடுகளிலிருந்து எட்டத் தள்ளி, தோளுக்குக் கீழே தொங்கவிட்டு, வயர்கள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டுமாறு அமைத்தால் பெரும்பாலும் போய்விடும். மூளைத்தண்டு ஆய்வில் பாதி ஒலிகளைத் தலைகீழ் முனைமையில் ஓட்டிக் கூட்டினால் இந்தச் சாயல் அடிபடும்.

ஒவ்வொரு நாளும்

ஃபோமை விரலால் நன்றாக உருட்டி மெலிதாக்கி, காதுமடலைப் பின்னோக்கி மேலே இழுத்து ஆழமாக நுழைத்து, விரிந்து முடியும் வரை அரை நிமிடம் பிடித்திருங்கள். பாதி வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் தாழ்ந்த ஒலிகள் கசிந்துவிடும். கப்ளரில் பார்த்த 70 காதில் 70 ஆக இருக்காது. முன்னதாக ஓட்டோஸ்கோப்பில் காதைப் பாருங்கள். குறும்பி அடைத்திருந்தால் அன்றைக்குப் பதிவு வேண்டாம். ஃபோம் அதை இன்னும் உள்ளே தள்ளும். கேட்கும் திறனை 500 முதல் 4000 ஹெர்ட்ஸ் வரை சோதித்துக் குறித்துக்கொள்ளுங்கள்.

பங்கேற்பவர் வரும் முன் ஆய்வாளர் தானே இரு காதிலும் ஒரு நிமிடம் கேட்டுப் பார்க்க வேண்டும். இடது வலது மாறியிருப்பது, குழாயில் வியர்வை நீர் கோத்திருப்பது, ஒரு பக்கம் மங்கியிருப்பது எல்லாம் அங்கேயே பிடிபடும். கப்ளரில் மாதம் ஒருமுறை அளங்கள். குழாய், வயர், சவுண்ட் கார்டு எதை மாற்றினாலும் அன்றே அளங்கள். விண்டோஸ் அப்டேட் ஓடியிருந்தால் மாதிரி வேகத்தையும் ஒலி மேம்பாடுகளையும் திறந்து பார்த்து, நேரச் சோதனையையும் மறுபடி ஓட்டுங்கள். கேலிபிரேட்டரை ஆண்டுக்கொருமுறை சான்றளிக்கும் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள்.

பதிவேட்டில் தேதி, மீட்டரின் எடையும் வேகமும், கப்ளர் வகை, ஒவ்வொரு கோப்பின் ஆர்எம்எஸ், ஒவ்வொரு காதிலும் ஒவ்வொரு அலைவரிசைக்கும் வந்த எண், திருகுகளின் நிலை, டிரிகர் தாமதத்தின் சராசரியும் திட்டவிலக்கமும் இருக்க வேண்டும். கட்டுரையின் முறைகள் பகுதியில் '70 டெசிபல்' என்று மட்டும் எழுதினால் அது எஸ்பிஎல்லா, கேட்கும் வாசலுக்கு மேல் கணக்கிட்டதா, ஏ எடையா என்று படிப்பவருக்குத் தெரியாது. 'இன்சர்ட் இயர்போன், 2 கன சென்டிமீட்டர் கப்ளர், அதே வீச்சிலுள்ள நீண்ட டோன், இஸட் எடை, 70 டெசிபல் எஸ்பிஎல், இரு காதுக்கும் வேறுபாடு 1 டெசிபலுக்குள்' என்ற ஒரு வரி போதும். வேறோர் ஆய்வகம் அதைப் பார்த்தே இதே ஒலியைத் திரும்ப உண்டாக்கிவிடும்.